தர்ப்பையில் எரிந்தவன்

அத்தியாயம் 14

புளியோதரையில் கரையாமல் கிடந்த ஓர் உப்புக்கல் ஒரு குடும்பத்தையே புரட்டிப் போடும் என்று யார் நினைத்தார்கள்?

போன வாரம் பக்கத்து வீட்டுக் கோமளவல்லி பிள்ளைகளோடு சந்திரகிரிக் கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, அங்கே ஓர் அனுமார் கோயிலில் கொடுத்த பிரசாதம் என்று இலைப் பொட்டலம் ஒன்றை நீட்டினாள். அதில் ஒரு வாய் எடுத்துப் போட்ட சுப்ரஜாவின் பல்லில் நறுக்கென்று உப்புக்கல் சிக்கியது. மென்றுகொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மடப்பள்ளிக் குடும்பத்துப் பெண்ணுக்குத்தான் அது புரியும். சாமிக்குப் படைப்பதை யாரும் ருசி பார்க்கக் கூடாது. வாசனைகூடப் பிடிக்கக் கூடாது என்று வாயையும் மூக்கையும் சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டுதான் சமைப்பார்கள். உப்புக்குக் கரண்டி கிடையாது, உள்ளங்கைதான் அளவு. இன்றைக்கு யார் முறை என்று கேட்கவே வேண்டாம், பிரசாதத்தைத் தின்றாலே தெரிந்துவிடும்.

சுப்ரஜாவின் கணவன் ராகவேந்திராவுக்கு ஒரு முறை நெய் கொட்டி வலது கை வெந்ததில் கடைசி இரண்டு விரல்கள் மடங்காது. அள்ளுகிற உப்பு விரலிடுக்கில் ஒழுகிவிடும். குறைந்திருக்குமோ என்ற சந்தேகத்தில், அடுப்பை அணைத்த பிறகு இன்னொரு பிடி தூவுவான். அது எங்கே கரையும்? தணிகை மலையில் அவன் முறை வந்தால் பக்தர்கள் வாயில் உப்புக்கல் கடிபடும். ருசி பார்க்காத குடும்பம் என்பதால் யாரும் அவனைத் திருத்தவும் இல்லை.

ஆனால் ராகவேந்திராதான் செத்துப்போய்விட்டானே!

செத்ததை யாரும் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆடிக் கிருத்திகை அன்று, மலை முழுக்கக் காவடிக் கூட்டம் நெரிகிற நேரத்தில், உலையில் அரிசியைப் போட்டுவிட்டு, "இதோ வந்துடறேன்" என்று படி இறங்கினான். இறங்கினவன் இறங்கினவன்தான். தேடாத இடமில்லை, பார்க்காத ஜோசியர் இல்லை.

பன்னிரண்டு வருஷம் திரும்பாதவனை இறந்தவனாக நினைத்துக் காரியம் செய்துவிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். உடம்பு இல்லாதவனுக்குத் தர்ப்பையால் உடம்பு கட்டுவார்கள். தலைக்குத் தேங்காய், எலும்புக்கு முந்நூற்று அறுபது புரசங்காம்பு, அதாவது புரச மரத்து இலைக்காம்பு. போன ஆடியில் நந்தியாற்றங்கரையில் அந்த உருவத்துக்குத் தம்பி ஸ்ரீவிஷ்ணு தீ வைத்தான். பத்தாம் நாள் சுப்ரஜாவின் தாலி இறங்கியது. அவளுக்கு முப்பத்தெட்டு வயது.

வேண்டாம் என்றுதான் அவள் கதறினாள். யார் கேட்டார்கள்? மாமியார் அகிலாண்டேஸ்வரி ஒரே பிடியாக நின்று முடித்துவிட்டாள். அந்த அம்மாள் வேறு யாருமில்லை, சுப்ரஜாவின் சொந்த அத்தை. அப்பா சேஷகிரிக்கு அக்கா. அத்தை மகனைச் சின்ன வயதிலிருந்தே 'பாவா' என்றுதான் சுப்ரஜா கூப்பிடுவாள்.

இப்போது அந்த உப்புக்கல். பாவா உயிரோடு இருந்தால், இந்த வெறும் நெற்றியோடு நிற்கிற நான் யார்? பாவா இல்லையென்றால், அந்த உப்பைப் போட்ட கை யாருடையது? அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சும்மா சொல்வதுபோலச் சொன்னாள்.

"அத்தை, நாளைக்கு நானும் விஷ்ணுவும் சந்திரகிரிக் கோட்டை பார்த்துட்டு வர்லாம்னு இருக்கோம். கோமளவல்லி அவ்ளோ நல்லாருக்குதுன்னு சொன்னா."

அகிலாண்டேஸ்வரி மிளகாய் ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது. இத்தனை வருஷத்தில் இந்த மருமகள் இங்கே போகணும், அங்கே போகணும் என்று வாய் திறந்தவளே இல்லை.

"கோட்டையில இன்னா இருக்குது? பாழடைஞ்ச சுவரு."

"ராஜா இருந்த ஊராம் அத்தை."

"ராஜா செத்து நானூறு வருஷம் ஆச்சு" என்றாள் அகிலாண்டேஸ்வரி. முறத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தவள், உள்ளே போகிறபோது முகத்தைக் காட்டாமல் சொன்னாள். "நானும் வரேன்."

*

சனிக்கிழமை விடிந்ததும் திருப்பதி பஸ்ஸில் மூன்று பேரும் ஏறினார்கள். ஸ்ரீவிஷ்ணுவுக்கு மடப்பள்ளி முறை முந்தின நாளோடு முடிந்திருந்தது. முப்பத்திரண்டு வயது ஆகியும் கல்யாணம் ஆகாத பிள்ளை. அண்ணனுக்குக் காரியம் செய்த நாளிலிருந்து பேச்சு குறைந்துபோயிருந்தான். சுப்ரஜா அவனிடம் மட்டும் உப்புக்கல் விஷயத்தைச் சொல்லியிருந்தாள். கேட்டதும், "வேணாம் வதினா" என்றுதான் முதலில் சொன்னான்; அண்ணியை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். ஏன் வேண்டாம் என்று கேட்டதற்குச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

நகரி தாண்டும்போது, முன் சீட்டில் மஞ்சள் புடவையில் இருந்த ஓர் அம்மாள் குங்குமச் சிமிழைத் திறந்து பஸ்ஸில் இருந்த பெண்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டே வந்தாள். சுப்ரஜாவிடம் வந்தாள். நெற்றியைப் பார்த்தாள். சிமிழை இழுத்துக்கொண்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டாள். எட்டு மாதமாக எல்லோரும் செய்வதுதான். ஆனாலும் இன்றைக்குச் சுப்ரஜா அந்தச் சிமிழையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அகிலாண்டேஸ்வரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மாதா மாதம் ஏகாதசிக்குத் திருப்பதி போய் வருகிறவள் அவள். வழியெல்லாம் அத்துப்படி.

திருப்பதியில் இறங்கி வேறு வண்டி மாறிச் சந்திரகிரிக்கு வந்து சேரும்போது மணி பத்தரை. பங்குனி வெயில் சுள்ளென்று அடித்தது.

விஜயநகர ராஜாக்கள் கடைசியாக ஒதுங்கிய ஊர் அது. சென்னப்பட்டணத்துக்கு நிலம் கொடுத்ததே இந்த அரண்மனையில் இருந்துதான் என்பார்கள். இப்போது ராஜாவும் இல்லை, படையும் இல்லை. பெரிய கோட்டைச் சுவர், வாசல், உள்ளே பரந்த புல்வெளி, அதன் கடைசியில் மூன்று அடுக்கு ராஜமகால். அதற்குப் பின்னால் வானத்தை மறைத்துக்கொண்டு பாறை மலை. சனிக்கிழமையாக இருந்தும் கூட்டம் இல்லை. காக்கை கூடக் கத்தவில்லை. மூன்று பேர் நடக்கிற சத்தம் அவர்களுக்கே கேட்டது.

"எந்தப் பக்கம் வாசல்?" என்று ஸ்ரீவிஷ்ணு திகைத்து நின்றான்.

"இப்படி வா. அந்தப் பக்கம் பூட்டி இருக்கும்" என்று அகிலாண்டேஸ்வரி விறுவிறுவென்று முன்னால் நடந்தாள்.

பாழடைஞ்ச சுவரு என்று நேற்றுச் சொன்னவளுக்கு எந்தக் கதவு பூட்டியிருக்கும் என்று எப்படித் தெரியும்? சுப்ரஜாவின் கால் ஒரு கணம் தயங்கியது.

கீழ்த் தளத்தில் பழைய சிலைகள். கை போனது, மூக்கு போனது, தலையே இல்லாமல் நிற்கிறது. சன்னமான வெளிச்சத்தில் அவை எல்லாம் வருகிறவர்களைப் பார்த்துத் திரும்பியதுபோல இருந்தது. அகிலாண்டேஸ்வரி முழங்கால் வலிக்கிறது என்று கீழேயே உட்கார்ந்துவிட்டாள். மற்ற இருவரும் படி ஏறினார்கள்.

மேலே தர்பார் மண்டபம். தூண்களும் வளைவுகளுமாக வெறிச்சென்று கிடந்தது. உள்ளே கால் வைத்ததும் சுப்ரஜா நின்றாள்.

"விஷ்ணு, உனக்கு வாசனை வருதா?"

"இன்னா வாசனை?"

"புளிக்காய்ச்சல். நல்லெண்ணெய்யில வெந்தயம் பொரியற வாசனை."

ஸ்ரீவிஷ்ணு மூக்கை உறிஞ்சினான். அவன் முகம் மாறியதிலிருந்தே தெரிந்துவிட்டது. நானூறு வருஷமாக அடுப்பு எரியாத அரண்மனை. அடுப்படி வாசனை எங்கிருந்து வருகிறது?

"பயந்துட்டியாம்மா?" என்று தூணுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. இருவரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். காவல்காரர் ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "தமிழ் பேசுறீங்களே, எந்த ஊரு?"

"திருத்தணி."

"அட! நான் கனகம்மாசத்திரம். பேரு ஜம்புலிங்கம். இங்க வந்து இருபது வருஷம் ஆச்சு" என்று முகம் மலர்ந்தார். "சனிக்கிழமை ஆனா இந்த வாசனை வரும்மா. பின்னாடி மலையடிவாரத்துல ஒரு அனுமார் கோயில் இருக்குது. அங்க சமைச்சா காத்து நேரா இங்க கொண்டாந்து உட்டுடும். ராஜா காலத்துக் கட்டடம். மரமே கிடையாது, தெரியுமா? கல்லும் சுண்ணாம்பும்தான். ஒரு சட்டம், ஒரு உத்தரம்கூட மரத்துல இல்ல. தீயே வெச்சாலும் எரியாது."

தீ என்ற வார்த்தையைக் கேட்டதும் ஸ்ரீவிஷ்ணு ஜன்னல் பக்கம் போய்விட்டான்.

"அங்க சமைக்கிறது யாருங்க?" என்றாள் சுப்ரஜா. குரல் அவளுடையதுபோலவே இல்லை.

"சச்சினோடு."

"ஆங்?"

"தெலுங்குல செத்தவன்னு அர்த்தம். பேரு கேட்டா சொல்ல மாட்டான். ரொம்ப வருஷமா இருக்கான், நல்லாத்தான் இருந்தான். போன ஆடியில ஒருநாள் காலையில, பத்து மணி இருக்கும், தண்ணிக் குடத்தோட வந்துகினு இருந்தவன் அப்படியே சாஞ்சுட்டான். தலை எரியுது, தலை எரியுதுன்னு ஒரே கத்தல். நாலு பேர் புடிச்சுத் தண்ணி ஊத்தினோம். எழுந்தவன், 'நேனு சச்சிபோயானு'ன்னான். நான் செத்துட்டேங்கறான்! அன்னைலேர்ந்து யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடறதில்ல. ஊர்ல எல்லாரும் சச்சினோடுன்னே கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க."

ஆடியில் ஒரு நாள். காலை பத்து மணி. நந்தியாற்றங்கரையில் தேங்காய் பட்டென்று வெடித்தபோது புரோகிதர் மணி பார்த்துச் சொன்னது சுப்ரஜாவின் காதில் இன்னும் இருக்கிறது. பத்து அடித்து ஐந்து நிமிஷம்.

"வதினா!"

ஸ்ரீவிஷ்ணு ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள்.

கீழே குளத்துப் பக்கமிருந்து ஒற்றையடிப் பாதையில் ஒருவன் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு போனான். ஈர வேட்டி. வாயையும் மூக்கையும் மறைத்துத் துணி கட்டியிருந்தான். இடது காலை எடுத்து வைப்பான். வலது கால் தரையில் தேய்ந்தபடி பின்னால் வரும். வைக்கோல் அடைத்த கால்போலத் துவண்டு வந்தது.

"பாவாதான்" என்றாள் சுப்ரஜா. அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் மார்பு விம்மியது. "ஆனா அந்தக் கால்... பாவாவுக்குக் கால்ல ஒண்ணும் கிடையாதே!"

"காலும் அன்னைக்கே போனதும்மா" என்றார் ஜம்புலிங்கம் பின்னாலிருந்து. "டாக்டருங்க படம் புடிச்சுப் பார்த்தாங்க. எலும்பு நல்லாத்தான் இருக்குதாம். ஆனா கால்ல உசிரு இல்ல."

ஸ்ரீவிஷ்ணு சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"விஷ்ணு, இன்னாடா? சொல்லு."

"காம்பு பத்தல வதினா."

"எந்தக் காம்பு?"

"புரசங்காம்பு. முந்நூத்தி அறுபது எண்ணி எடுத்துகினு போனேன். ஆத்தங்கரையில மழை புடிச்சுகிச்சு. கட்டு அவுந்து கொஞ்சம் தண்ணியில போயிடுச்சு. தலைக்கு, கைக்கு, இடது காலுக்கு எல்லாம் வெச்சுட்டேன். வலது காலுக்கு இல்ல. திரும்பப் போய்க் கொண்டாரணும்னா நேரம் போயிடும். வெறும் தர்ப்பையைத் திரிச்சுக் காலு மாதிரி கட்டி வெச்சுட்டேன். புரோகிதர் அந்தப் பக்கம் திரும்பி இருந்தார். யாருக்கும் தெரியாது வதினா. சத்தியமா யாருக்குமே தெரியாது."

வெயில் கொளுத்துகிற பகலில் சுப்ரஜாவுக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது. காரியம் செய்கிற நாளையும் நேரத்தையும் யாராவது அவனுக்கு முன்பே சொல்லியிருக்கலாம். கேட்டுவிட்டு மனசு குழம்பி விழுந்திருக்கலாம். ஆனால் யாருக்குமே தெரியாத அந்தக் கால்?

அவள் நிற்கவில்லை. படிகளில் தடதடவென்று இறங்கினாள். கீழே அத்தை உட்கார்ந்த இடம் காலியாக இருந்தது.

*

ராஜமகாலைச் சுற்றிக்கொண்டு, ராணிமகாலைத் தாண்டி, பாறையடிவாரத்தில் அந்தச் சின்னக் கோயில். பக்கத்தில் ஓட்டுச் சார்ப்பில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பெரிய பாத்திரத்தில் சோறு ஆறப் போட்டிருந்தது. அவன் முதுகைக் காட்டியபடி புளிக்காய்ச்சலைக் கிளறிக்கொண்டிருந்தான்.

சுப்ரஜா சார்ப்பின் விளிம்பில் நின்றாள். ஏழு வயதிலிருந்து கூப்பிட்ட வார்த்தை, எட்டு மாதமாக நாக்கில் வைத்து விழுங்கிய வார்த்தை.

"பாவா!"

கரண்டி நின்றது. அவன் திரும்பவில்லை.

"அப்படிக் கூப்பிடக் கூடாது" என்றான் துணிக்குள்ளிருந்து. அதே குரல்தான். "செத்தவனைக் கூப்பிட்டா வந்துடுவான்."

"வரணும்னுதானே கூப்பிடறேன்!"

"வந்தா போறதுக்கு இடம் இல்ல. எரிச்ச இடத்துல புல்லு முளைச்சிருக்கும்."

முளைத்துத்தான் இருந்தது. போன மாதம் அவளே பார்த்தாள். சுப்ரஜாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனாலும் ஓரடி பின்னால் வைக்கவில்லை. பயத்தைவிடக் கோபம் பெரிதாக வந்தது.

"என் மூஞ்சியைப் பார்த்துப் பேசுங்க. நெத்தியைப் பாருங்க. உங்களால ஆனது இது. பஸ்ஸுல குங்குமம் கொடுக்கறவகூட என்னைத் தாண்டிப் போறா. நீங்க இங்க உக்காந்து புளியோதரை கிளறிகினு இருக்கீங்க!"

பின்னாலேயே ஓடி வந்த ஸ்ரீவிஷ்ணு வாசலில் நின்றுவிட்டான். அவன் வந்த சத்தம்தான் ராகவேந்திராவைத் திருப்பியது. துணிக்கு மேலே தெரிந்த கண்கள் தம்பியைப் பார்த்தன. கோபமே இல்லாத கண்கள். அதுதான் பார்க்க முடியவில்லை.

"நீதானே கட்டினே?" என்றான் மெதுவாக. "எல்லாம் சரியா வெச்சே. வலது காலுக்கு வைக்க வேண்டியதை எங்கடா விட்டே?"

ஸ்ரீவிஷ்ணு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். "மழை வந்துடுச்சுண்ணா! ஆத்தோட போயிடுச்சுண்ணா!" என்று தரையில் முகத்தைத் தேய்த்துக்கொண்டு அழுதான்.

"சரி, அழாதே. நனைஞ்சுதான் இருந்துது. எனக்கும் தெரிஞ்சுது."

அடுப்பில் விறகு சடசடத்தது.

கோயிலின் பின்புறமிருந்து ஓர் உருவம் வெளியே வந்தது. கையில் தையல் இலைக் கட்டு. அடுக்கி வைக்க வேண்டிய இடம் தெரிந்த கையாக, விறகுக்குப் பக்கத்தில் அதை வைத்துவிட்டு நிமிர்ந்தது. அகிலாண்டேஸ்வரி.

"இந்த மாசம் சீக்கிரமா வந்துட்டியேம்மா" என்றான் ராகவேந்திரா. "ஏகாதசிக்கு இன்னும் நாலு நாள் இருக்குதே."

சுப்ரஜாவுக்குக் காது அடைத்துக்கொண்டது. மாதா மாதம் ஏகாதசி. திருப்பதி. பூட்டியிருக்கும் கதவு. எல்லாம் ஒரே நொடியில் வந்து விழுந்தது.

"எப்போலேர்ந்து அத்தை?"

"போன வைகாசிலேர்ந்து" என்றாள் அகிலாண்டேஸ்வரி. மறைக்க ஒன்றும் இல்லை என்றான பிறகு அவள் குரல் தெளிவாகவே வந்தது. "கோட்டை பார்க்கத்தான் வந்தேன். திருப்பதியில பஸ்ஸு இல்ல, நேரம் இருந்துது. இங்க பிரசாதம் வாங்கித் தின்னேன். பல்லுல உப்புக்கல்லு."

"வைகாசியில பார்த்துட்டு, ஆடியில எரிச்சீங்களா?"

"ஆங், எரிச்சேன்."

"உசிரோட இருக்கற புள்ளையை!"

"உசிரோட இருக்கணும்னுதாண்டி எரிச்சேன்!" அகிலாண்டேஸ்வரி கத்தியே விட்டாள். மறுநிமிஷம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "கையைப் புடிச்சு இழுத்தேன், வாடா நைனான்னு. இந்த மலையைக் காட்டினான். வீட்டுக்குக் கூப்பிட்டா உச்சியில ஏறிக் குதிச்சுடுவேன்னான். உன் கிட்ட சொன்னா நீ வந்து நிப்பே. நீ வந்து நின்னா அவன் குதிப்பான். எனக்குக் காரியம் பண்ணித் தலைமுழுகு, அப்பத்தான் நான் இங்க நிம்மதியா இருப்பேன்னான். பெத்தவ இன்னா பண்ணுவேன்? தர்ப்பைதானே, புல்லுதானேன்னு நினைச்சேன். புல்லுக்கு வெச்ச தீ இவன் உடம்புல ஏறும்னு நான் கண்டேனா?"

"நான் உங்க தம்பி பொண்ணு அத்தை. உங்க கையாலதான் என் தாலியை வாங்கினீங்க."

அகிலாண்டேஸ்வரி தலை குனிந்து நின்றாள். இத்தனை வருஷத்தில் அந்த அம்மாள் யார் முன்னாலும் தலை குனிந்து சுப்ரஜா பார்த்ததில்லை. பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது.

"ஏன் போனீங்க பாவா?" என்று அவனிடம் திரும்பினாள். "உலையில அரிசியைப் போட்டுட்டு ஏன் இறங்கிப் போனீங்க? என்னாலயா?"

அவன் தலையை ஆட்டினான். இல்லை என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். துணிக்குள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"அதைக் கேக்காதடி, கேட்டா இப்படித்தான் ஆயிடறான்" என்றாள் அகிலாண்டேஸ்வரி அவசரமாக. "வழி இருக்குது. புரோகிதரை ஜாடையா விசாரிச்சுட்டேன். விஷ்ணு, உனக்கும் அந்த முறை தெரியுமே, நீயே சொல்லு."

ஸ்ரீவிஷ்ணு எழுந்து உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டான். "காரியம் பண்ணினவன் திரும்பி வந்தா அப்படியே உள்ள சேக்க முடியாது வதினா. நெய்யில குளிப்பாட்டி, அப்பத்தான் பொறந்த குழந்தை மாதிரி மறுபடியும் பேர் வைக்கணும். காது குத்தணும், பூணூல் போடணும். எல்லாம் முதல்லேர்ந்து. கடைசியில..."

"கடைசியில?"

"கடைசியில கல்யாணம். அதே பொண்ணோட."

"செத்தவனுக்கு உடம்பு திரும்பக் கிடைச்சுடும்" என்றாள் அகிலாண்டேஸ்வரி. "காலும் வந்துடும், எனக்கு நம்பிக்கை இருக்குது. இத்தனை நாளா கிட்டவே சேக்காதவன், போன மாசம் அவனே கேட்டான், அவ ஒத்துப்பாளாம்மான்னு. சுப்ரஜா, உன் காலைப் புடிச்சுக் கேக்கறேன். சரின்னு ஒரு வார்த்தை சொல்லு. வர்ற வைகாசியிலயே..."

அப்போதுதான் ராகவேந்திரா அவளை நேராகப் பார்த்தான். முதல் தடவையாக. முகத்தில் கட்டியிருந்த துணியின் முடிச்சுக்குக் கை போனது. பிறந்த குழந்தை எப்படிப் பார்க்குமோ அப்படிப் பார்த்தான். அவள் யார் என்று தெரிந்தும் தெரியாததுபோல இருந்தது. மூன்று பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சரி என்று சொல்ல அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஓடிப்போய் அந்தத் துவண்ட காலைக் கட்டிக்கொண்டு அழ ஆசையாக இருந்தது. அந்த ஆசையைப் பார்த்துத்தான் அவளுக்குப் பயம் வந்தது. பன்னிரண்டு வருஷம் இவர்கள் என்ன முடிவு செய்தார்களோ அதற்கு அவள் தலையாட்டியிருக்கிறாள். போனபோதும் கேட்கவில்லை, எரித்தபோதும் கேட்கவில்லை.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"முதல்லேர்ந்துன்னா எல்லாமே முதல்லேர்ந்துதான் அத்தை" என்றாள். "நான் இன்னைக்கே ஆர்.கே.பேட்டைக்கு, பொறந்த வீட்டுக்கு, எங்க நைனா கிட்டப் போறேன். இவர் பொண்ணு பார்க்க வரட்டும். எங்க நைனா முன்னாடி பாயில உக்காந்து, அன்னைக்கு ஏன் படி இறங்கினார்னு தன் வாயால சொல்லட்டும். அதுக்கப்புறம் மாப்பிள்ளையைப் புடிச்சிருக்கா இல்லையான்னு நான் சொல்றேன்."